சராசரிக்குள் மறையும் மக்கள்: வயது வந்தோர் கல்விக்கான வட்டாரக் கூட்டமைப்பின் பணி – நெல்லியாளம் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வயது வந்தோர் கல்வியும் அடிப்படைக் கல்வியும் இந்தியாவில் உரிமையாக அன்றித் திட்டங்களாகவே நடைமுறையில் உள்ளன. திட்டங்கள் முடியும்போது வகுப்புகளும் முடிந்துவிடுகின்றன. இந்நிலையில் கற்போர் சார்பாக அரசிடம் தொடர்ந்து பேசும் வட்டாரக் கூட்டமைப்புகளின் தேவை எழுகிறது. அத்தகைய கூட்டமைப்பு எவ்வாறு இயங்குகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை நீலகிரி மாவட்டம் நெல்லியாளம் நகராட்சியையும் அதனைச் சூழ்ந்த கூடலூர், பந்தலூர் வட்டங்களையும் முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. மாவட்டச் சராசரி எழுத்தறிவு விகிதம், நகர்ப்புறம் என்னும் நிருவாக வகைப்பாடு ஆகிய இரண்டும் சேர்ந்து இப்பகுதிப் பழங்குடியினரையும் தோட்டத் தொழிலாளரையும் திட்டங்களின் பார்வையிலிருந்து மறைத்துள்ளன. இம்மறைப்பை நீக்குவதே இங்குக் கூட்டமைப்பின் முதற்பணி என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வயது வந்தோர் கல்வி, அடிப்படைக் கல்வி, எழுத்தறிவு விகிதம், கூட்டமைப்பு, நெல்லியாளம், பழங்குடியினர், தாயகம் திரும்பியோர், அறிவொளி இயக்கம்.

முன்னுரை

ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எழுத்தறிவு, முழு எழுத்தறிவு ஆகிய இரண்டிற்கும் வரையறை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஒரு மாநிலமோ ஒன்றியப் பகுதியோ 95 விழுக்காடு எழுத்தறிவை எட்டினால் அதனை முழு எழுத்தறிவுக்கு இணையாகக் கொள்ளலாம் என்பது அவ்வரையறை. 2025ஆம் ஆண்டில் மிசோரம், கோவா, திரிபுரா ஆகிய மாநிலங்கள் முழு எழுத்தறிவு பெற்றவையாக அறிவிக்கப்பட்டன.

நூற்றுக்கு ஐந்து பேர் விடுபடுவதை நிருவாகம் ஏற்றுக்கொள்வதில் வியப்பில்லை. முதுமை, நோய், இடப்பெயர்வு எனக் காரணங்கள் பல உண்டு. ஆயின் அந்த ஐந்து பேர் யார் என்னும் வினாவை வரையறை எழுப்புவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. அவர்களுள் பட்டியல் பழங்குடியினர் 32,813 பேர், அதாவது 4.46 விழுக்காடு. இவ்வரையறையை மாவட்ட அளவில் பொருத்திப் பார்த்தால், பழங்குடியினருள் ஒருவர்கூட எழுதப் படிக்க அறியாத நிலையிலும் நீலகிரி முழு எழுத்தறிவு மாவட்டம் என்னும் பெயரைப் பெற்றுவிட இயலும். மாநில அளவில் இக்கணக்கு இன்னும் கூர்மையானது. தமிழ்நாட்டின் 7,21,47,030 மக்களுள் பழங்குடியினர் 7,94,697 பேர், ஏறத்தாழ 1.1 விழுக்காடு. ஏழு வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் எண்கள் சற்று மாறக்கூடும்; பொருள் மாறாது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காட்டைத் தாண்டியது; பழங்குடியினரின் விகிதம் 54.3 விழுக்காட்டில் நின்றது. நீலகிரி மாவட்டத்தின் விகிதமோ 85 விழுக்காடு. மாநிலச் சராசரியை விஞ்சிய மாவட்டம் ஒன்றில் வயது வந்தோர் கல்விக்கென்று குரல் எழுப்புவோர் முதலில் எதிர்கொள்ளும் மறுமொழி, ‘உங்கள் மாவட்டத்தில்தான் எழுத்தறிவு நன்றாக இருக்கிறதே’ என்பதாகத்தான் இருக்கும்.

உரிமையும் திட்டமும்

குழந்தைகளின் கல்விக்கும் வயது வந்தோரின் கல்விக்கும் சட்டநிலையில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. 2002ஆம் ஆண்டின் 86ஆம் அரசமைப்புத் திருத்தம் 21அ என்னும் கூறைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு உருவம் தந்தது. பள்ளி இல்லாத ஊரில் பெற்றோர் நீதிமன்றத்தை நாடலாம். பதினைந்து வயதைக் கடந்த ஒருவருக்கு அவ்வாறு நாடுவதற்கு எந்தச் சட்டக்கூறும் இல்லை. அவருக்குக் கிடைப்பது திட்டம் மட்டுமே.

திட்டங்களின் வரலாறு தொடர்ச்சியற்றது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அதன் இலக்கு 15 முதல் 35 வயது வரையிலானோர். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கிய சாக்ஷர் பாரத் 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துடன் நிறைவுற்றது. தமிழ்நாட்டில் 2020-21இல் ‘கற்போம் எழுதுவோம் இயக்கம்’ என்னும் பெயரில் குறுகிய காலத் திட்டம் ஒன்று நடைபெற்றது. 2022 முதல் 2027 வரைக்குமானது இப்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ஒரு திட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையிலான காலத்தில் கற்றதை மறந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தத் திட்டத்தின் அறிக்கையும் தன் பொறுப்பாகக் கொள்வதில்லை.

பன்னாட்டு ஆவணங்களிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளுள் 4.6ஆம் இலக்கு, 2030ஆம் ஆண்டுக்குள் இளையோர் அனைவருக்கும் எழுத்தறிவு என்கிறது. வயது வந்தோரைக் குறிப்பிடும்போது ‘அனைவரும்’ என்னும் சொல் மறைந்து, கணிசமான பகுதியினர் என்னும் பொருள்படும் தொடர் வந்து அமர்கிறது. சென்னையில் வகுக்கப்படும் இலக்கானாலும் நியூயார்க்கில் வகுக்கப்படும் இலக்கானாலும் விடுபடுவோருக்கான இடைவெளி முன்னரே ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

கூட்டமைப்பு என்பதன் பொருள்

வயது வந்தோருக்கு வகுப்பு நடத்தும் நிறுவனமும் வயது வந்தோர் கல்விக்காகப் பரிந்து பேசும் கூட்டமைப்பும் ஒன்றல்ல. முன்னது கற்போரைத் தேடிச் செல்கிறது; பின்னது முடிவெடுப்போரைத் தேடிச் செல்கிறது. ஆசிய நாடுகளில் இப்பணிக்கு நெடிய முன்மாதிரி, 1964ஆம் ஆண்டு தோன்றிய ஆசிய தென் பசிபிக் அடிப்படை மற்றும் வயது வந்தோர் கல்விச் சங்கம். அது தானே வகுப்புகள் நடத்துவதில்லை. பல நாடுகளின் தன்னார்வ அமைப்புகளையும் தேசியக் கல்விக் கூட்டணிகளையும் இணைத்து, அவற்றின் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி தந்து, களத்தில் தெரிந்தவற்றை யுனெஸ்கோவின் பன்னாட்டு வயது வந்தோர் கல்வி மாநாடுகள் வரை கொண்டுசெல்வது அதன் வழிமுறை. 1949இல் டென்மார்க்கின் எல்சினோரில் தொடங்கிய அம்மாநாடுகளின் ஏழாவது அமர்வு 2022ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் நடைபெற்றது.

இத்தகைய கூட்டமைப்பில் செய்தி இரு திசைகளிலும் செல்ல வேண்டும். கீழிருந்து மேலே செல்வது களத்தின் உண்மை. மேலிருந்து கீழே வர வேண்டியது அரசாணை, நிதி ஒதுக்கீடு, விதிமுறை பற்றிய தெளிவு. நடைமுறையில் மேலே செல்லும் வழி அறிக்கைகளால் அகலமாகிறது. கீழே வரும் வழி தூர்ந்துபோகிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆண்டறிக்கையைக் கூட்டமைப்பின் உறுப்பினர்களே படிக்க இயலாத நிலை எழுத்தறிவுப் பணியில் நேர்வது சற்று முரணானது. ஆயினும் அது அரிதன்று.

நெல்லியாளத்தின் இயல்பு

நெல்லியாளம் உள்ளிட்ட தென்கிழக்கு வயநாட்டுப் பகுதி 1877ஆம் ஆண்டு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் பந்தலூர், தேவாலா மலைகளில் தங்கம் தேடி இலண்டன் முதலீட்டாளர்கள் திரண்டு வந்து இழந்து திரும்பியது தனிக்கதை. நிலைத்து நின்றது தேயிலை. உதகை, குன்னூர் பீடபூமிக்கும் இப்பகுதிக்கும் உயரத்திலும் மழையிலும் மக்களிலும் வேறுபாடு மிகுதி. தமிழ்நாட்டிலேயே மிகுதியாகத் தென்மேற்குப் பருவமழை பெறும் இடங்களுள் தேவாலாவும் ஒன்று.

இங்கு வாழ்வோரை மூன்று பெரும் பிரிவினராகக் காணலாம். தொன்மைக் குடிகளான பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகியோர் முதலாமவர். கேரளத்திலிருந்து நிலம் தேடி வந்து குடியேறியோர் இரண்டாமவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் மூன்றாமவர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. அவ்வாறு திரும்பியோருக்கு வேலை தரும் பொருட்டு 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976 முதல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின்கீழ் வந்தன. மக்கள் ‘டேன்டீ’ என்றே வழங்கும் இக்கழகத்தின் தோட்டங்களும் லயன் வீடுகளும் நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி எனப் பரவியுள்ளன.

மூன்று பிரிவினரின் கல்வித் தேவையும் ஒன்றன்று. தாயகம் திரும்பியோரின் தாய்மொழி தமிழ். பாடநூல் அவர்களுக்கு அயலானதன்று. ஆயினும் இலங்கையில் தோட்டப்புறமே நெடுங்காலம் கல்வியில் மிகப் பின்தங்கிய பகுதியாக இருந்தது. அங்குப் பள்ளி செல்லாது வளர்ந்து இங்குக் கொழுந்து பறித்து முதுமையெய்திய பெண்கள் 15 முதல் 35 வயது என்னும் இலக்கிற்குள் வராமலே போயினர். பழங்குடியினரின் நிலை வேறு. பணியர் மொழி மலையாளத்திற்கு நெருக்கமானது. காட்டுநாயக்கரின் மொழி கன்னடத்தைச் சார்ந்தது. பெட்டக்குறும்பரின் மொழி இவ்விரண்டிலும் அடங்காதது. பணியரும் காட்டுநாயக்கரும் இருளரும் குறும்பரும் நடுவணரசு வகுத்த ‘குறிப்பாக நலிவடையும் நிலையிலுள்ள பழங்குடிக் குழுக்கள்’ பட்டியலில் இடம்பெற்றவர்கள். தமிழ் எழுத்துகளைக் கற்பது அவர்களுக்கு எழுத்தைக் கற்பதோடு முடிவதில்லை. மற்றொரு மொழியைக் கற்பதும் ஆகிறது.

இருமுறை விடுபடல்

நெல்லியாளம் ஒரு நகராட்சி. 2011இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 44,000. நகராட்சி என்றதும் கடைவீதிகளும் தெருக்களும் நினைவுக்கு வரலாம். உண்மையில் இந்நகராட்சியின் எல்லைக்குள் அடங்குபவை பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களும் காட்டோரக் குடியிருப்புகளும் அவற்றிடையே சிறு சந்தைகளுமே. எனினும் கணக்கெடுப்பில் இங்குள்ள பழங்குடிக் குடியிருப்பும் ‘நகர்ப்புறம்’ என்றே பதிவாகிறது.

இதன் விளைவைச் சாக்ஷர் பாரத் திட்டத்தில் தெளிவாகக் காணலாம். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வயது வந்த பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ உள்ள மாவட்டங்களே அத்திட்டத்திற்குத் தகுதி பெற்றன. தீவிரவாதப் பாதிப்புக்குள்ளான மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. நீலகிரியின் சராசரி அந்த எல்லைக்கு மேலே நின்றது. தகுதி பெற்ற மாவட்டங்களிலும் திட்டம் ஊரகப் பகுதிகளுக்கே உரியது; ஊராட்சிதோறும் மக்கள் கல்வி மையம் அமைப்பதே அதன் அடித்தளம். ஆகவே நீலகிரி மாவட்டம் தகுதி பெற்றிருந்தாலும் ஊராட்சி அல்லாத நெல்லியாளம் வெளியேதான் நின்றிருக்கும். மாவட்டச் சராசரியால் ஒருமுறை, நகராட்சி என்னும் பெயரால் மறுமுறை என இப்பகுதியின் எழுத்தறியாப் பெண் இருமுறை விடுபட்டார். இரண்டிற்கும் காரணமான விதிகளை வகுத்தோர் எவரும் அவரை விலக்க எண்ணியவர் அல்லர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

வட்டாரக் கூட்டமைப்பின் பணி இங்குதான் தொடங்குகிறது. மாவட்ட எண்ணை வட்டமாகவும் வட்ட எண்ணை வார்டாகவும் வார்டு எண்ணைச் சமூகமாகவும் பாலினமாகவும் வயதாகவும் பிரித்துக் காட்டும்வரை கோரிக்கைக்கு அடித்தளம் அமைவதில்லை. இப்பிரிப்பை வெளியிடப்பட்ட கணக்கெடுப்பு அட்டவணைகளிலிருந்து ஓரளவே செய்ய இயலும். எஞ்சியதைக் குடியிருப்பு குடியிருப்பாகச் சென்று எடுக்க வேண்டும். கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பது வீட்டிலுள்ள ஒருவர் பிறரைப் பற்றிச் சொல்லும் விடையே. கையொப்பமிடத் தெரிந்தவரையும் படித்தவராகச் சொல்லும் வழக்கம் எங்கும் உள்ளது. ஒரு தாளைத் தந்து படிக்கச் சொல்லி எடுக்கும் கணக்கு வேறு எண்ணைத் தரும். ஆனால் அவ்வாறு சோதிப்பது முதியவர்களை நாணச் செய்யும் என்பதால், இதனை யார், எவ்விடத்தில், எவர் முன்னிலையில் செய்வது என்பது கூட்டமைப்பு முதலில் முடிவு செய்ய வேண்டியவற்றுள் ஒன்று.

எல்லைக்கு அப்பாலும் சமவெளியிலும்

நெல்லியாளத்திலிருந்து கேரள எல்லை சிறு தொலைவே. ஒருபுறம் வயநாடு, மறுபுறம் மலப்புறம். எர்ணாகுளம் மாவட்டம் 1990ஆம் ஆண்டு பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கேரளம் முழுவதும் அவ்வறிவிப்பைப் பெற்றது. அதனை அறிவிக்கும் பேறு பெற்றவர் மலப்புறத்தைச் சேர்ந்த புதிய கற்போராகிய சேலக்கோடன் ஆயிஷா. அக்காலத்தில் 90 விழுக்காடே முழு எழுத்தறிவின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அறிவிப்புக்குப் பல்லாண்டுகள் கழித்து, அதே மாநிலத்தின் எழுத்தறிவு இயக்கம் வயநாட்டுப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கெனத் தனியே ஓர் எழுத்தறிவுத் திட்டத்தை மேற்கொள்ள நேர்ந்தது. விடுபட்ட பத்து விழுக்காட்டில் யார் இருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை. எல்லைக்கு இப்பாலுள்ள பணியர் அவர்களுடைய உறவினர்களே.

தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் மாவட்ட நிருவாகங்களும் இணைந்து நடத்திய அறிவொளி இயக்கம் கூட்டமைப்புப் பணிக்குச் சிறந்த சான்று. புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில் எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டிப் பயிற்சியும் கல்குவாரிக் குத்தகைக் கோரிக்கையும் இணைந்தன. ச. மாடசாமி, ச. தமிழ்ச்செல்வன் போன்ற ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஊர் ஊராக அலைந்தனர். கற்போரின் வாழ்க்கைத் தேவை பாடத்தின் ஒரு பகுதியாக மாறியபோது வகுப்பு நிலைத்தது. ஆயினும் அவ்வியக்கத்தின் வலிமையில் ஒரு பகுதி ஆட்சியரின் ஈடுபாட்டைச் சார்ந்திருந்தது. ஆட்சியர்கள் மாறுதலுக்கு உட்பட்டவர்கள். வட்டாரக் கூட்டமைப்பு நிலைபெற வேண்டுமாயின் அதன் வேர் ஆட்சியர் அலுவலகத்திற்கு வெளியே இருத்தல் வேண்டும்.

கூடலூரின் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம்

அத்தகைய வேர் கூடலூர்ப் பகுதியில் வேறொரு பெயரில் உள்ளது. 1980களின் நடுவில் ஸ்டான் தெக்கேக்கரா, மாரி தெக்கேக்கரா ஆகியோர் தொடங்கிய அக்கார்டு அமைப்பின் துணையுடன் உருவானது ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். அதன் அமைப்பு முறை எளியது. குடியிருப்புதோறும் ஊர்ச் சங்கம். பல ஊர்களுக்கு ஒரு பகுதி மையம். அவற்றை இணைக்கும் பொது அமைப்பு. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் நில உரிமை கோரிப் பல்லாயிரம் பழங்குடியினர் கூடலூரில் பேரணி சென்றனர். இதன் தொடர்ச்சியாகக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் வித்யோதயா பள்ளியும் பழங்குடியினருக்கென வளர்ந்தன.

இவற்றுள் எதுவும் தன்னை வயது வந்தோர் கல்விக் கூட்டமைப்பு என்று அழைத்துக்கொள்வதில்லை. இருப்பினும் இங்கு நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி வயது வந்தோர் கல்வியே. உயர்கல்வி பெறாத பழங்குடி இளம்பெண்கள் செவிலியர் பணிக்குப் பயிற்றுவிக்கப்பட்டனர். மருந்துப் பெயரும் அளவும் நோயாளியின் குறிப்பேடும் அவர்களுடைய பாடநூலாயின. குடியிருப்புகளில் நலவாழ்வுப் பணியாளர்கள் கருவுற்ற பெண்களின் எடையையும் குழந்தைகளின் வளர்ச்சியையும் பதியக் கற்றனர். 1992ஆம் ஆண்டு தொடங்கிய சமூக மருத்துவக் காப்பீடு இதைவிடக் கடினமான பாடம். நோயில்லாத ஆண்டிலும் ஏன் பணம் செலுத்த வேண்டும், செலுத்திய பணம் எங்கே போகிறது, அடுத்த குடியிருப்பில் உள்ளவரின் மருத்துவச் செலவை நாம் ஏன் ஏற்க வேண்டும் என்னும் வினாக்கள் ஊர்க்கூட்டங்களில் விவாதிக்கப்படாமல் அத்திட்டம் நடந்திராது. விழுக்காடு, தவணை, பொது நிதி ஆகிய கருத்துகளை எழுத்தறியாத மூத்தோர் வாய்மொழியாகவே விவாதித்து முடிவெடுக்கும் இடமாகச் சங்கம் அமைந்தது.

எழுத்துக்கு முன்னரே கணக்கும் பொறுப்பும் வந்துவிட்ட இந்நிலையை எழுத்தறிவுத் திட்டங்களின் தேர்வுமுறை அளவிடுவதில்லை. இப்போதைய திட்டத்தில் கற்போர் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு ஒன்றை எழுதித் தேர்ச்சி பெற வேண்டும். காப்பீட்டுத் தொகையைக் கூட்டிப் பகிர்ந்து கணக்குச் சொல்லும் ஒரு பெண்மணி அத்தேர்வில் தோற்கலாம். வட்டாரக் கூட்டமைப்பு மேலே கொண்டுசெல்ல வேண்டியவை குறைகள் மட்டும் அல்ல என்பதற்கு இது சான்று.

வகுப்பின் நேரம், மொழி, பணம்

சென்னையில் அல்லது தில்லியில் வகுக்கப்படும் வகுப்பு மாலை வகுப்பு. பகலில் உழைப்போர் மாலையில் கற்பர் என்பது அதன் எண்ணம். நெல்லியாளத்தில் மாலை ஆறு மணிக்குப் பிறகு தோட்டப் பாதையில் நடப்பது உயிருக்கு ஆபத்தானது. கூடலூர் வனக்கோட்டத்தில் யானை தாக்கி மனிதர் இறப்பது அடிக்கடி நிகழும் துயரம். தோட்டங்களும் காடும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்வதால் யானையின் வழியும் தொழிலாளியின் வழியும் ஒன்றாகவே உள்ளன. சூன் முதல் ஆகஸ்டு வரை பெருமழை; அதுவே கொழுந்து மிகுந்து வரும் காலங்களுள் ஒன்றாகவும் அமைகிறது. எனவே இங்கு வகுப்பு நடத்தக்கூடிய வேளை ஞாயிற்றுக்கிழமை நண்பகல், லயன் வீட்டு வாயில், பணி இடைவேளை என்றவாறு சிதறிக் கிடக்கிறது. இருநூறு மணிநேரப் பாடத்தை இச்சிதறல்களில் நிரப்ப எத்தனை மாதங்கள் தேவை என்று கணக்கிட்டுச் சொல்வதும், திட்டக் காலத்தை அதற்கேற்ப நீட்டக் கோருவதும் கூட்டமைப்பின் கடமையாகும். தோட்ட நிருவாகத்தின் இசைவும் இதற்குத் தேவை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் பள்ளி வசதி கோரும் விதிகளை இயற்ற இடமளித்தது. தொழிலாளியின் கல்வியைப் பற்றி அது பேசவில்லை.

பாடம் எதிலிருந்து தொடங்குவது என்பதும் இடத்தைப் பொறுத்தது. தோட்டத்தில் எடை போடும் இடம் நாள்தோறும் கூடும் வகுப்பறை போன்றது. பறித்த கொழுந்தின் எடையில் சாக்கிற்கும் ஈரத்திற்குமாகக் கழிக்கப்படும் அளவைச் சரிபார்க்கத் தெரிவது பெண் தொழிலாளிக்கு உடனடிப் பயன் தரும் எண்ணறிவு. வருங்கால வைப்புநிதிச் சீட்டு, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கேடு ஆகியவை அடுத்த பாடங்கள். பழங்குடிக் குடியிருப்பிலோ தொடக்கம் தாய்மொழிப் பேச்சாக இருத்தல் வேண்டும். தமிழ் எழுத்தில் பணியர் மொழிச் சொற்களை எழுதிப் பழகிப் பின்னர்த் தமிழுக்கு வருவது இயல்பான வழி. கணக்கெடுப்பின் வரையறையே ‘ஏதேனும் ஒரு மொழியில்’ பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிவதைத்தான் எழுத்தறிவு என்கிறது. அவ்வரையறையின் தாராளம் பாடநூல் அச்சிடும் இடத்தை எட்டவில்லை.

பணத்தைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் ஐந்தாண்டு மதிப்பீடு 1,037.90 கோடி ரூபாய். இலக்கு ஐந்து கோடிப் பேர். தலைக்கு 208 ரூபாய்க்கும் குறைவு. கற்பிப்போர் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள் என்பது இத்தொகையின் உட்பொருள். அறிவொளிக் காலத்திலும் தன்னார்வலர்கள் ஊதியம் பெறவில்லை. ஆனால் அன்று ஓர் இயக்கத்தின் எழுச்சி அவர்களைத் தாங்கியது. தினக்கூலியை இழந்து மலைப்பாதையில் நடந்து செல்லும் பழங்குடி இளைஞரிடம் அதே தன்னார்வத்தை எதிர்பார்ப்பது, ஏழையின் உழைப்பை ஏழைக்கு நன்கொடையாகக் கேட்பதாகும். போக்குவரத்துச் செலவும் சிறு மதிப்பூதியமும் மலைப்பகுதிக்குத் தனியே வேண்டும் என்னும் கோரிக்கை இங்கிருந்து எழுவதே பொருத்தமானது.

யார் பெயரால் பேசுவது

கூட்டமைப்பை நடத்துவோர் பெரும்பாலும் படித்தவர்கள். எழுத்தறியாதோர் சார்பாக எழுத்தறிந்தோர் பேசுவது இப்பணியில் தவிர்க்க இயலாத நிலை. ஆனால் அதற்கு எல்லை உண்டு. கூட்டத்தின் தீர்மானம் எழுதப்படுமுன் கூடியிருப்போர் மொழியில் உரக்கச் சொல்லப்பட்டதா, அடுத்த கூட்டத்தில் அது மீண்டும் வாசிக்கப்பட்டதா, ஆட்சியரைச் சந்திக்கும் குழுவில் கற்போர் இருந்தனரா, திரும்பி வந்தபின் அங்கு நடந்தது குடியிருப்பில் சொல்லப்பட்டதா என்பவை அந்த எல்லையை அறியும் வழிகள். மூன்று பிரிவினரையும் ஒரே மேசையில் அமர்த்துவதும் எளிதன்று. நிலம் பற்றிய வழக்குகளில் பழங்குடியினர், குடியேறியோர், தோட்டக் கழகம், வனத்துறை ஆகியோர் எதிரெதிரே நிற்கின்றனர். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் கீழான சிக்கல்கள் இன்றும் தீர்ந்தபாடில்லை. கல்விக்கான கூட்டமைப்பு இவ்வழக்குகளில் தீர்ப்புச் சொல்ல இயலாது. அவற்றை அறியாததுபோல் நடிக்கவும் இயலாது. எடை, ஊதியம், மருத்துவம், சான்றிதழ் ஆகிய பொதுத் தேவைகளில் மூவரும் இணைய முடியும். நிலத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் ஆவணங்களைத் தாமே படிக்கும் நிலையை அடைவதே கூட்டமைப்பு நேர்மையாக ஏற்கக்கூடிய பணி.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தேவையின் அவசரத்தைக் காட்டுகிறது. அச்சட்டத்தின் விதிகளின்படி கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உரிமைக் கோரிக்கைகளைப் பெறுதல், ஒப்புகை தருதல், களத்தைச் சரிபார்த்தல், வரைபடம் அமைத்தல், பதிவேடு பேணுதல் ஆகியவை இக்குழுவின் வேலை. சட்டம் மூத்தோரின் வாய்மொழிச் சான்றையும் சான்றாக ஏற்கிறது. ஆனால் அச்சான்றும் எழுதப்பட்டே மேலே செல்ல வேண்டும். நகராட்சியாகிய நெல்லியாளத்தில் ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை இல்லை. வன உரிமைச் சட்டம் கருதும் சபையைக் குடியிருப்பு அளவில் கூட்ட வேண்டியுள்ளது. அவ்வாறு கூடும் சபையில் தீர்மானப் புத்தகம் விரிக்கப்படும்போது, காட்டின் ஒவ்வொரு மடுவையும் தேன்மரத்தையும் பெயர் சொல்லி அறிந்த முதியவர் அருகில் அமர்ந்து சொல்ல, எழுதுவது வெளியிலிருந்து வந்த ஒருவரா, அவருடைய மகளா என்பதில் அக்கோரிக்கையின் போக்கே வேறுபடுகிறது.